நம் பெயரை நாமே விற்கலாமா?

(தாமான் குடியிருப்பாளர் சந்திப்பு ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்து களைப்போடு வந்திருக்கிறீர்கள். சிலர் இன்னும் தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை. நான் அலுவலகத்தைத் திறக்கும் முன்பே ஓர் அம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மகனின் பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கடிதம். "லாயர் ஐயா, என் பிள்ளைய ராத்திரி போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவன் யாரையும் ஏமாத்தலங்க. கார்டைத்தான் கொடுத்தான்" என்றார்.

பையனுக்கு 20 வயது. பொருள் கிடங்கில் வேலை. கூட்டாளியின் கூட்டாளி ஒருவன் வந்து, "நீ ஒன்றும் செய்ய வேண்டாம். வங்கியில் ஒரு கணக்கைத் திறந்து, கார்டையும் இரகசிய எண்ணையும் கொடு. மாதம் 300 வெள்ளி" என்றிருக்கிறான். பையன் கொடுத்துவிட்டான். அந்தக் கணக்கில் ஒரே நாளில் 40,000 வெள்ளி வந்தது. அதே நாளில் வெளியேயும் போனது. அது யாரோ ஒரு பணி ஓய்வு பெற்ற ஆசிரியரின் பணம். ஏமாற்றியவன் எங்கே இருக்கிறான், எந்த நாட்டில் இருக்கிறான் என்பது யாருக்கும் தெரியாது. கணக்கில் இருந்த பெயர் நம் பையனின் பெயர். போலீஸ் எந்தக் கதவைத் தட்டும்? நீங்களே சொல்லுங்கள்!

இதைத்தான் மலாயில் 'கெல்டாய் அக்காவுன்' என்கிறார்கள். கழுதைக் கணக்கு. கழுதைக்குத் தான் என்ன மூட்டை சுமக்கிறோம் என்று தெரியாது. அடி மட்டும் அதற்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

"எனக்குத் தெரியாது" என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என நம் இளைஞர்கள் நினைக்கிறார்கள். விடமாட்டார்கள். 2024ஆம் ஆண்டு குற்றவியல் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின் வழி 424ஏ முதல் 424டி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டுள்ளன. சட்டப்பூர்வக் காரணம் இல்லாமல் மற்றவரின் வங்கிக் கணக்கையோ கார்டையோ கைவசம் வைத்திருப்பது குற்றம். தன் கணக்கை அப்படி மற்றவர் கையில் கொடுப்பதும் குற்றம். பணம் யாருடையது என்று தெரியாமல் கொடுத்தேன் என்பது போதாது. சூழ்நிலையைப் பொறுத்து 420ஆவது பிரிவின் கீழும் வழக்கு வரலாம். அதற்கு 10 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம். பணத்தை இழந்தவர் சிவில் வழக்குப் போட்டு அந்த 40,000 வெள்ளியைக் கேட்கவும் முடியும். 300 வெள்ளிக்கு இவ்வளவு விலை!

ஐசியின் அருமை

நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் பிறந்தபோது பலருக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. அந்த ஒரு தாளுக்காக எத்தனை பேர் பதிவிலாகா வாசலில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்! சிவப்பு அடையாள அட்டையோடு இறந்துபோனவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. இன்றும் நீல ஐசி இல்லாத பிள்ளைகளுக்காக நாம் அலைந்துகொண்டிருக்கிறோம்.

அவ்வளவு போராடிப் பெற்ற ஐசியை இன்று என்ன செய்கிறோம்? முகம் தெரியாத ஒருவன் "வேலைக்குப் பதிய வேண்டும், இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு" என்றால் வாட்ஸ்அப்பில் உடனே அனுப்பிவிடுகிறோம். அந்த 12 எண்களில் முதல் ஆறு உங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு நீங்கள் பிறந்த மாநிலம். அட்டையில் முகவரியும் முகமும் இருக்கின்றன. இவை போதும், உங்களைத் தெரிந்தவன்போல் ஒருவன் உங்களிடமே பேசுவதற்கு. உங்கள் பெயரில் கைப்பேசி எண் வாங்கவும் கடன் கேட்கவும் முயல்வதற்கு.

ஆகவே நான் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. ஐசி நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். படமாக அனுப்ப வேண்டி வந்தாலும் அப்படி எழுதிய நகலையே படம் எடுங்கள்.

2. அசல் ஐசியையோ ஏடிஎம் கார்டையோ கடன் கொடுத்தவரிடமும் முதலாளியிடமும் ஈடாக விட்டு வைக்காதீர்கள்.

3. ஐசி தொலைந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம். தேசியப் பதிவிலாகாவில் உடனே தெரிவியுங்கள்.

4. உங்கள் பெயரில் வங்கிக் கடன் ஏதும் இருக்கிறதா என்பதை பேங்க் நெகாராவின் இசிசிஆர்ஐஎஸ் வழி இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது பாருங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களே பார்த்துத் தருவார்கள்.

போனில் வரும் 'போலீஸ்'

இன்னொரு மோசடி பயத்தை வைத்து நடக்கிறது. போன் வரும். "நான் போலீஸ் அதிகாரி பேசுகிறேன். உங்கள் பெயரில் போதைப்பொருள் பொட்டலம் பிடிபட்டிருக்கிறது. உங்களைக் கைது செய்ய வாரண்ட் இருக்கிறது. யாரிடமும் சொல்லாதீர்கள். பணத்தை இந்தக் கணக்கில் போடுங்கள், விசாரித்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்" என்பான். உங்கள் ஐசி எண்ணையும் சரியாகச் சொல்வான்.

நம் மக்களுக்குப் போலீஸ் என்றால் பயம் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு, அதை நான் மறுக்கமாட்டேன். மோசடிக்காரனுக்கும் அது தெரியும். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவின்படி, கைது செய்யப்படும் எவருக்கும் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் வழக்கறிஞரைக் கலந்து பேச அனுமதிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 'யாரிடமும் சொல்லாதே' என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. போனில் கைதும் இல்லை, போனில் ஜாமீனும் இல்லை. விசாரணைக்காகப் போலீஸோ நீதிமன்றமோ பேங்க் நெகாராவோ உங்கள் பணத்தைத் தனியார் கணக்குக்கு மாற்றச் சொல்வதில்லை.

ஆகவே போனை வையுங்கள். வைப்பது மரியாதைக் குறைவு அல்ல. சந்தேகம் இருந்தால் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

இன்னும் சில வேடங்கள்

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வரும். அழுத்தினால் 'ஏபிகே' என்ற கோப்பு இறங்கும். அது பத்திரிகை அல்ல. உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து, வங்கி அனுப்பும் எண்ணைத் திருடும் செயலி. கல்யாணத்துக்கு அழைப்பவர் போன் செய்து அழைக்கட்டும்!

"மாமா, தவறுதலாக உங்களுக்கு ஓர் ஆறு இலக்க எண் வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று சொந்தக்காரர் பெயரில் செய்தி வரும். அனுப்பினால் உங்கள் வாட்ஸ்அப் அவன் கைக்குப் போகும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் தங்கையிடம் 500 வெள்ளி கேட்பான். எண் கேட்டாலும் பணம் கேட்டாலும், அந்த ஆளுக்கே போன் போட்டுக் குரலைக் கேளுங்கள்.

அவசரக் கடன் தருகிறோம், முதலில் 'பதிவுக் கட்டணம்' கட்டுங்கள் என்பார்கள். கட்டியதும் இன்னொரு கட்டணம் வரும், கடன் மட்டும் வராது. உரிமம் பெற்றவர் ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்பது சட்டம். இபிஎஃப் பணத்தை எடுத்துத் தருகிறோம் என்று வரும் ஏஜென்டையும் நம்ப வேண்டாம். இபிஎஃப் அப்படி ஏஜென்ட் வைப்பதில்லை. அதன் கிளைக்கு நீங்களே போகலாம்.

தெரியாதவருக்குப் பணம் அனுப்பும் முன், போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஏற்கெனவே புகார் உள்ள கணக்கு என்றால் காட்டும். காட்டவில்லை என்பதால் மட்டும் நல்ல கணக்கு என்று அர்த்தம் இல்லை.

நடந்துவிட்டால்?

பணம் போய்விட்டால் உட்கார்ந்து அழ நேரமில்லை. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நிமிடக் கணக்கில் தாவும். உடனே 997க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தின் எண் அது. உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அதன்பின் போலீஸ் புகார் செய்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள், அவை சாட்சி. வங்கியின் பதில் நியாயமில்லை என்றால் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையான எஃப்எம்ஓஎஸ்சிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். நான் சொன்ன அந்த ஆசிரியர் படிக்காதவரா?

கார்டை ஏற்கெனவே கொடுத்துவிட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அடிக்காதீர்கள். இன்றே வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள். ஒரு வழக்கறிஞரைக் கலந்து பேசிவிட்டுப் போலீஸ் புகார் செய்யுங்கள். வசதி இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. கைதானால் தேசிய சட்ட உதவி அறக்கட்டளையான ஒய்பிஜிகே-வின் வழக்கறிஞரைக் கேட்கலாம்.

எல்லாப் பொறுப்பும் நம் தலையில்தானா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் ஐசி எண் மோசடிக்காரனுக்கு எப்படிக் கிடைத்தது? 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. இதை நாம் தொடர்ந்து கேட்போம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த நம் பெரியவர்களுக்கும் வங்கி எச்சரிக்கை புரியும் மொழியில் வர வேண்டும் என்று கேட்போம். கேட்பது நம் உரிமை. ஆனால் அதுவரை வீட்டுக் கதவைத் திறந்து வைக்க முடியாதல்லவா?

அந்த அம்மாவின் மகனுடைய வழக்கு இன்னும் முடியவில்லை. அதனால் அதிகம் பேச எனக்கு அனுமதியில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவனுக்கு அந்த 300 வெள்ளி ஒரே ஒரு மாதம்தான் கிடைத்தது. ஜாமீனுக்காக அவர் தன் இரண்டு வளையலையும் அடகுக்கடையில் வைத்தார்.

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது உங்கள் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் வங்கிக் கார்டு எங்கே? எடுத்துக் காட்டு." திட்டாமல் கேளுங்கள். 997 என்ற எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.