நீரில் மூழ்கியும் பிழைக்கும் நெல்

ஒடிசா, பீகார், அஸ்ஸாம், கிழக்கு உத்தரப் பிரதேசம் ஆகியவற்றின் தாழ்நிலங்களில் மழை பொய்த்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. நெல் நீரை விரும்பும் பயிர்தான். எனினும், முற்றிலும் மூழ்கிவிட்டால் சாதாரண ரகங்கள் ஒரு வாரத்திற்குமேல் தாங்குவதில்லை. நீர்மட்டத்திற்குமேல் தலை நீட்டும் வேகத்தில் பயிர் தன் சேமிப்பு மாவுச்சத்தையெல்லாம் செலவிட்டுவிடுகிறது. வெள்ளம் வடிந்தபின் எஞ்சுவது அழுகிய தாளே. பருவநிலை மாற்றத்தால் பெருமழை சில நாள்களிலேயே கொட்டித் தீர்க்கும் போக்கு வலுத்துவரும் இக்காலத்தில், இதனைப் பழைய துன்பமென ஒதுக்க இயலாது.

இதற்கான விடை அதே மண்ணில்தான் இருந்தது. தால்புட்டியா என்னும் ஒடிசா நாட்டு நெல்லிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட எப்.ஆர். 13ஏ, இரு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் மீண்டும் தளிர்க்க வல்லது. வெள்ளத்தில் அது வளர்ச்சியை அடக்கிக்கொண்டு, சேமிப்பைக் காத்து நிற்கிறது. ஆனால் மகசூலோ குறைவு. மரபுவழிக் கலப்பில் இதன் வேண்டாத பண்புகளும் உடன்வந்தமையால், பல்லாண்டு முயற்சி வயலை எட்டவில்லை.

இப்பண்புக்குரிய இடம் 9-ஆம் குரோமோசோமில் உள்ளதென 1996-இல் அறியப்பட்டது. மரபணுவே 2006-இல் இனங்காணப்பட்டது. அதன்பின், ஆந்திரத்தின் மாருதேருவில் உருவாகிக் கிழக்கிந்தியா எங்கும் பரவியிருந்த ஸ்வர்ணா ரகத்தில், மரபுக்குறிகளின் துணையால் அம்மரபணு மட்டும் கலப்பு வழியே சேர்க்கப்பட்டது. அயல் உயிரின் மரபணு எதுவும் இதில் புகுத்தப்படவில்லை. ஸ்வர்ணா சப்-1 என்னும் இந்த ரகம் 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. வெள்ளம் வராத ஆண்டில் இதன் விளைச்சல் ஸ்வர்ணாவுக்குக் குறைவதில்லை. உழவர் இதனை ஏற்றமைக்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

பயன் யாரைச் சேர்கிறது? ஒடிசாவில் வெள்ளம் தேங்கும் நிலங்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் வசம் ஒப்பீட்டளவில் கூடுதலாக இருப்பதால், அவர்களுக்கே மிகுந்த நன்மை உண்டு என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் கருதத்தக்கது. பயிர் பிழைக்கும் என்ற உறுதி பிறந்ததும் உழவர்கள் உரத்திற்குக் கூடுதலாகச் செலவிட்டனர். நெல் பரப்பையும் விரிவாக்கினர். இழப்பச்சமே முதலீட்டைத் தடுத்து வந்தது என்பது இதனால் புலனாகிறது.

எனினும், மாதக்கணக்கில் தேங்கும் நீருக்கும், விதை முளைக்கும் நிலையிலேயே சூழும் வெள்ளத்திற்கும் இம்மரபணு போதாது. அவற்றுக்கு வேறு பண்புகள் வேண்டும். மூழ்கிய நாள்கள் இரு வாரத்தைக் கடந்தால் ஸ்வர்ணா சப்-1 வயலிலும் சேதம் பெருகும். அவ்வாண்டுகளில் மறுநடவுக்குரிய நாற்றும் குறுகியகால ரக விதையும் வட்டாரக் கிடங்கில் முன்கூட்டியே இருத்தல் அவசியம்.