கற்போர்க்கு உகந்த கம்பைலர்

ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழியில் பெயர்த்துத் தருவது மொழிபெயர்ப்பாளர் பணி. கணிப்பொறி உலகிலும் அத்தகைய பணி உண்டு. மனிதர் எழுதும் கட்டளைகளைப் பொறி உணரும் எண்குறிகளாக மாற்றித் தரும் நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். 1957-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ஃபோர்ட்ரான் மொழிக்குரிய கம்பைலரை வெளியிட்டபின், விஞ்ஞானிகள் பொறியின் மொழியைக் கல்லாமலே தம் கணக்குகளை எழுதலாயினர். விஞ்ஞானிக்கு உதவிய அக்கருவி மாணவனுக்கும் அவ்வாறே உதவிற்றா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுவது.

தேர்ந்தவர் எழுதும் நிரல் ஒருமுறை பெயர்க்கப்பட்டுப் பன்முறை இயக்கப்படுவது. ஆதலின், பெயர்ப்பதற்கு நேரம் பிடித்தாலும், பெயர்த்தது விரைந்து ஓடவேண்டும் என்றே கம்பைலரை ஆக்கியோர் கருதினர். மாணவன் நிலை இதற்கு நேர்மாறானது. அவன் நிரல் சிறியது, பிழை மலிந்தது, பலமுறை பெயர்க்கப்பட்டு, சரியான விடை ஒருமுறை கிடைத்ததும் ஒதுக்கப்படுவது. அந்நாளில் நிரலைத் துளையிட்ட அட்டைகளில் பதித்துக் கொடுத்துவிட்டுப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவன் கையில் பொருள் விளங்காத குறியெண் ஒன்று மட்டும் வந்து சேர்ந்தால் அவன் என் செய்வான்? தனக்கு இக்கலை வாராது என்றே முடிவு கட்டிவிடுவான்.

இக்குறையை நீக்கப் பல்கலைக்கழகங்களே முன்வந்தன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1960-களின் தொடக்கத்தில் கார்க் என்னும் எளிய மொழி ஆக்கப்பட்டது. அதன் கம்பைலர் பிழை கண்டவிடத்து நின்றுவிடாமல், எழுதியவன் கருத்தை ஊகித்துத் திருத்தி மேற்செல்ல முயன்றது. டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்னும் பேராசிரியர் இருவர், கலைத்துறை மாணவரும் கணிப்பொறியைக் கையாள வேண்டும் என்று கருதி பேசிக் மொழியை வகுத்தனர். 1964-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் அது முதன்முதலாக இயங்கிற்று. மாணவர் தட்டச்சுக் கருவியின் முன் அமர்ந்து, அட்டைக் கட்டுகளின்றி, உடனுக்குடன் விடை பெற்றனர்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1965-இல் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. பேராசிரியர் வெஸ்லி கிரகாமின் ஊக்குவிப்பில், பட்டம் பெறாத மாணவர் நால்வர் வாட்ஃபார் என்னும் ஃபோர்ட்ரான் கம்பைலரை எழுதினர். பெயர்த்ததை வெளியே எடுத்து வைத்து மீண்டும் ஏற்றும் வழக்கத்தை அது கைவிட்டது. நினைவகத்திலேயே பெயர்த்து அங்கேயே இயக்கியது. அதனால் மாணவர் நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து முடிந்தன. அதனினும் சிறந்த நன்மை ஒன்றுண்டு. மதிப்பு ஏதும் தரப்படாத மாறியை நிரல் பயன்படுத்தினாலும், அட்டவணையின் எல்லையைக் கடந்தாலும், வாட்ஃபார் அதனைக் கண்டு எச்சரித்தது. பிற கம்பைலர்களில் இத்தகைய பிழை பெரும்பாலும் வெளிப்படாமல், தவறான விடையாகவே அச்சாகும். பிழைச்செய்தியினும் கொடியது நம்பத் தகுந்ததுபோல் தோன்றும் பொய் விடை அன்றோ!

1970-களில் கார்னெலில் தோன்றிய பி.எல்./சி. பிழைகளைத் தானே திருத்தும் முறையை மேலும் வளர்த்தது. இவ்வுதவி மாணவனைச் சோம்பலுறச் செய்யாதா என்று வினவலாம். திருத்தியது இன்னதென்று அவனுக்குக் காட்டியமையால், அது ஆசிரியர் இடும் சிவப்பு மைக் குறியை ஒத்ததாயிற்று. ஊகம் தவறாயின் மாணவனே அதைக் கண்டு மாற்றலாம்.

இன்று பெயர்ப்புக்குக் கண்ணிமைக்கும் நேரமே போதும், காத்திருத்தல் ஒழிந்தது. எனினும் விளங்கும்படி கூறுதல் என்னும் கடமை ஒழியவில்லை. 1995-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட டாக்டர் ஸ்கீம், மொழியைப் படிகளாகப் பகுத்தது. மாணவன் இன்னும் கல்லாத கருத்தைப் பிழைச்செய்தி பேசலாகாது என்பது அதன் கொள்கை.

யாருக்காகப் பெயர்க்கிறோம் என்பதை மறவாதிருப்பதே நல்ல மொழிபெயர்ப்பின் முதல் விதி என்பதை அத்தொழிலில் ஈடுபட்ட நாம் நன்கு அறிவோம். பொறி பிறழாது உணர்ந்தால் மட்டும் போதாது. எழுதியவனும் தன் பிழையை உணரவேண்டும். அவ்விரண்டையும் செய்யும் கம்பைலரே கற்போர்க்கு உகந்தது.