மூன்று நாடு, ஒன்பது ஊராட்சி



நிலவியலும் நிர்வாக எல்லையும் பற்றிய இந்தக் கருத்தரங்கை, வெள்ளக்கடைக்கு மலையேறி வராமல், சேலத்திலேயே நடத்தியிருக்கலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் மிச்சமாகியிருக்கும். ஆனால் இந்தத் தலைப்பின் சிக்கல் முழுவதும் ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில்தான் கிடக்கிறது.

நிகழ்ச்சி நிரலில் எசுவாத்தினியைப் பார்த்த நண்பர், "அதற்கும் ஏற்காட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். தென்னாப்பிரிக்காவும் மொசாம்பிக்கும் சூழ்ந்த அந்நாட்டின் பரப்பு 17,364 சதுர கிலோமீட்டர். நம் சேலம் மாவட்டத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். மக்கள்தொகையோ நம் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மேற்கே உயர்நிலம், பிறகு இடைநிலம், தாழ்நிலம், கிழக்கே லுபோம்போ மேடு என நிலம் வடக்குத் தெற்காக நான்கு பட்டைகளாகக் கிடக்கிறது. ஆட்சிப் பிரிவுகளும் நான்குதான்: ஹோஹோ, மன்சினி, ஷிசெல்வேனி, லுபோம்போ. எண்ணிக்கை பொருந்துகிறது, எல்லை பொருந்தவில்லை. ஹோஹோ ஒன்றே மேட்டையும் பள்ளத்தையும் ஒருசேரப் பிடித்திருக்கிறது.

இங்கேயும் அதே கதைதான். வாணியாற்றுப் பள்ளத்தாக்கு இம்மலையைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிளக்கிறது. வாணியாறு வடக்கே தர்மபுரிப் பக்கம் இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரிக்குப் போகின்றன. உச்சியில், குனிந்து நுழையும் குகைக்கோயிலில் சேர்வராயனோடு குடியிருப்பவள் காவிரி அம்மன். மலைநீரில் ஒரு பங்கு அவள் பக்கம் போவதே இல்லை! மலையாளிப் பழங்குடியினர் இம்மலையைச் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்றாகப் பிரித்திருந்தார்கள். பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்று அதற்கொரு நிர்வாகமும் இருந்தது. அரசுக் கணக்கில் ஏற்காடு ஒன்றியம் ஒன்பது ஊராட்சிகள், வெள்ளக்கடை அதிலொன்று. சட்டமன்றத்துக்கு இம்மலை மக்கள் சமவெளி வாழப்பாடிக்காரர்களோடு ஒரே தொகுதியில் வாக்களிக்கிறார்கள். மாவட்டம் சேலம், மக்களவைத் தொகுதியோ 2009 முதல் கள்ளக்குறிச்சி.

எசுவாத்தினி வேறு வழியில் போயிற்று. குலத்தலைவர்களின் ஊர்களைத் தொகுத்து 'இங்குண்ட்லா' என்ற அலகை உருவாக்கி, 2005 அரசமைப்புச் சட்டத்தில் ஆட்சிக்கே அதை அடிப்படையாக்கினார்கள். இப்போது அவை 59. நம் மூன்று நாடுகளுக்கு இப்படியொரு சட்டத் தகுதி கிடைத்திருந்தால் என்று ஏங்குவோர் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அவசரப்பட வேண்டாம். அங்கே தேர்தலில் கட்சிகள் போட்டியிட முடியாது. மன்னரின் சொல்லே இறுதி. மரபு அரசாணையில் ஏறிவிட்டால், கேள்வி கேட்பவனுக்கு நிற்க இடம் குறைந்துவிடுகிறது.

எல்லைக்கோடு ஏட்டோடு நிற்பதில்லை. 'மலையாளி' பட்டியல் பழங்குடி என்று எழுதியவர்கள் மாவட்டப் பெயர்களையும் சேர்த்தே எழுதினார்கள்: சேலம், தர்மபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை. கோயம்புத்தூர் அதில் இல்லை. அதிலிருந்து 1979இல் பிரிந்த ஈரோடும் இல்லை. அதனால்தான் ஈரோட்டின் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் பழங்குடிச் சான்றிதழ் கேட்டுப் பல்லாண்டுகளாக நடையாய் நடக்கிறார்கள். கொல்லிமலை 1997இல் நாமக்கல் மாவட்டத்துக்குப் போனபோது அங்குள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. ஏனென்றால் நாமக்கல் பழைய சேலத்திலிருந்து பிரிந்தது. ஒரே சாதி, ஒரே வழக்கம். யாருடைய தாத்தா எந்தக் கலெக்டருக்கு வரி கட்டினார் என்பதுதான் பேரனின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டில் இந்திய அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டு ஊராட்சி விரிவாக்கச் சட்டமும் இம்மலைக்கு வராது. பிற்பகல் அமர்வில் இதைத்தான் விரிவாகப் பேச வேண்டும். வாழ்த்துரைகளை அதற்காகவே குறைத்திருக்கிறோம்.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் காட்டும் வரைபடம் எந்த ஆண்டுக்குரியது, யார் வரைந்தது என்று முதலில் சொல்லிவிடுங்கள். பின்வரிசையில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கோடு தவறாக இருந்தால் அவர்கள் எழுந்து சொல்லட்டும், நேரம் போகிறதென்று யாரும் மணியடிக்க வேண்டாம். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.