பி.பி.ஏ. முதலாண்டுப் பாடங்களும் நம் வகுப்பறையும்

(உயர்கல்வி வழிகாட்டல் தொடர்பான ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பி.பி.ஏ. முதலாண்டில் என்ன படிக்கிறார்கள்?" என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கும் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் ஆசிரியருக்கும் இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாணவி அந்த எண்ணத்தை மாற்றினாள். முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவள் செட்டியார்பட்டிப் பிள்ளை. அம்மா நைட்டி தைக்கும் யூனிட்டில் வேலை. செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும்; தெருவில் நடந்தால் தையல் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு. நான் வணிகவியல் ஆசிரியர் என்பதால் என்னிடம் வந்து, "மிஸ், எதுல சேரலாம்?" என்று கேட்டாள். மதிப்பெண் நடுத்தரம். நான் யோசிக்காமல், "பி.பி.ஏ. சேர்ந்துக்கோ. எந்தக் குரூப்ல படிச்சவங்களும் சேரலாம். கணக்கெல்லாம் பெருசா இருக்காது. சுலபம்" என்று சொல்லிவிட்டேன்.

எந்தப் பிரிவினரையும் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன என்பது சரி. மற்றதெல்லாம் நான் பாடத்திட்டத்தைப் பார்க்காமலே சொன்னது.

பொங்கல் விடுமுறையில் அம்மாவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். முதல் பருவத் தேர்வில் கணக்கியலில் தோல்வி. இரண்டாம் பருவத்தில் புள்ளியியல் தொடங்கியிருந்தது; அதுவும் புரியவில்லை. அம்மா சொன்னார்: "டீச்சர், புள்ள போதும்னு சொல்லுதா. பேசாம மெஷின்ல உக்காரட்டும்னு பாக்கேன்." அந்தப் பெண் தலைநிமிரவே இல்லை. கையில் கணக்கியல் புத்தகம் இருந்தது. அன்று இரவுதான் பி.பி.ஏ. பாடத்திட்டத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

படித்ததில் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் மாநிலக் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்றில்தான் முதன்மைப் பாடங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயரும் வரிசையும் மாறும். சில பாடங்கள் இரண்டாமாண்டுக்குத் தள்ளிப்போகும். ஆனாலும் தொடக்கத்தில் வருபவை பெரும்பாலும் இவைதான்: மேலாண்மைக் கோட்பாடுகள், கணக்கியல், வணிகப் பொருளியல், சந்தையியல், வணிகக் கணிதமும் புள்ளியியலும், நிறுவனங்களில் மனித நடத்தை, வணிகத் தகவல் தொடர்பு. 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகார வரம்புக்குள் வந்திருக்கிறது. பொழுதுபோக்காகப் படித்து முடிக்கும் படிப்பு இது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மேலாண்மைக் கோட்பாடுகள். இங்கே வரும் முதல் பெயர் ஹென்றி ஃபயோல். பிரான்சில் சுரங்கப் பொறியாளராக இருந்து நிறுவனத் தலைவரானவர். 1916இல் நிர்வாகத்துக்கு 14 கோட்பாடுகளை எழுதினார். அவருக்கு ஐந்தாண்டு முன்பு, 1911இல், அமெரிக்காவின் டெய்லர் அறிவியல்சார் மேலாண்மை பற்றி எழுதினார். நம் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் புத்தகமே இவர்களோடுதான் தொடங்குகிறது. வணிகவியல் படித்த பிள்ளைக்கு இது பழகிய இடம். அறிவியல் பிரிவிலிருந்து போகும் பிள்ளைக்குப் புதிது.

ஆனால் பொருள் புதிதல்ல. நைட்டி யூனிட்டில் ஒருவர் துணி வெட்டுவார், ஒருவர் ஓவர்லாக் போடுவார், ஒருவர் பிசிறு வெட்டுவார், ஒருவர் அயர்ன் செய்து மடிப்பார். இதுதான் ஃபயோலின் முதல் கோட்பாடான வேலைப் பகிர்வு. முதலாளி ஒன்று சொல்லி, மேஸ்திரி வேறொன்று சொன்னால் தைப்பவர் பாடு திண்டாட்டம். ஒருவருக்கு ஒரு தலைமையிடமிருந்து மட்டும் ஆணை வரவேண்டும் என்பதும் அந்தப் 14இல் ஒன்று. இதைச் சொன்னபோது அந்தப் பெண் முதன்முறையாகச் சிரித்தாள். "எங்க அம்மா தினமும் இதத்தான் மிஸ் புலம்புவாங்க" என்றாள்.

இரண்டாவது கணக்கியல். அவள் தடுக்கி விழுந்த இடம். எங்கே தவறு என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கூட்டல் கழித்தலில் அவளுக்குக் குறை இல்லை. ஒரு சொல்தான் சிக்கல்.

வீட்டில் நாம் 'வரவு செலவு' என்கிறோம். வரவு என்றால் வந்த பணம். கணக்கியலில் டெபிட்டைப் பற்று என்றும் கிரெடிட்டை வரவு என்றும் சொல்கிறோம். அங்கே விதி என்ன? 'உள்வருவது பற்று; வெளிச்செல்வது வரவு.' கடைக்கு ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுத வேண்டும். பிறந்தது முதல் 'வந்தது வரவு' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது தலைகீழாகத் தெரியாதா? வங்கி பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தாள். அவள் போட்ட பணம் அங்கே வரவில் இருந்தது. குழப்பம் இரட்டிப்பானது. பாஸ்புக்கை எழுதுவது வங்கி. பணத்தைத் தந்தவள் அவள். 'தருபவர் வரவு' என்ற விதிப்படி அவள் கணக்கில் வங்கி வரவு வைக்கிறது. வங்கியின் பக்கம் நின்று பார்த்தால் அது அவளுக்குத் திருப்பித் தரவேண்டிய கடன்.

ஆகவே அவளிடம் சொன்னேன்: "பற்று என்றால் இடப்பக்கம், வரவு என்றால் வலப்பக்கம். வீட்டுப் பொருளைக் கொஞ்ச நாள் மறந்துவிடு." அதன்பின் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னேன்: எது வந்தது, எது போனது? துணி வந்தது, ரொக்கம் போனது. இரண்டு பக்கமும் ஒரே தொகை. இரட்டைப் பதிவு முறையின் உயிர் இதுதான். வெனிஸ் வணிகர்கள் கையாண்ட இந்த முறையை லூகா பாசியோலி 1494இல் அச்சில் கொண்டுவந்தார். ஐந்நூறு ஆண்டுக்கு மேலாக நிற்கும் முறை, ஒரு சொல்லின் குழப்பத்தால் நம் பிள்ளைக்கு எட்டாமல் போகலாமா?

மூன்றாவது பொருளியல். தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விலை ஏறினால் சிலர் அரைக் கிலோவுக்குப் பதில் கால் கிலோ வாங்குவார்கள். உப்பு விலை ஏறினால் யாரும் உப்பைக் குறைப்பதில்லை. நெகிழ்ச்சி என்பது இவ்வளவுதான். இன்னொரு கருத்து, வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுவது எதுவோ அதுவே அதன் செலவு. இதை நடத்தும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பெண் கல்லூரிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வராமல் போகும் தையல் கூலிதான் அவள் படிப்பின் வாய்ப்புச் செலவு. கட்டணம் குறைவாக இருந்தாலும் அந்தத் தாய் அதைத் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தார். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் தரும் மாதம் 1000 ரூபாயை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் மதிப்பு புரியும். ஒரு அரியர் பேப்பரால் படிப்பு நின்றால், அந்த வீடு அதுவரை கொடுத்த விலை அத்தனையும் வீண்.

நான்காவது சந்தையியல். பொருள், விலை, இடம், விளம்பரம் ஆகிய நான்கையும் 1960இல் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒன்றாகத் தொகுத்தார். நமக்கு உதாரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரே பொருளின் மதிப்பாக மாறுவது எப்படி என்று இதைவைத்து ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணிக்கு வாடிக்கையாளர் யார், நைட்டிக்கு யார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஒன்று மருத்துவமனைக்குப் போகிறது, ஒன்று வீட்டுக்கு. விற்கும் முறை ஏன் மாறுகிறது என்று அவர்களே சொல்வார்கள். 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கிய மண் இது. தொழில் என்றால் என்ன என்பதற்கு நாம் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஐந்தாவது கணிதமும் புள்ளியியலும். இங்கேதான் கீழ்வகுப்பு ஆசிரியர்கள் வருகிறீர்கள். ஆறாம் வகுப்பில் பட்டியல், இலாபம், நட்டம் நடத்துகிறோம். எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் தள்ளுபடியும் கூட்டு வட்டியும். ஒன்பதில் சராசரி, இடைநிலை அளவு, முகடு. பத்தில் திட்ட விலக்கம். கல்லூரி முதலாண்டுப் புள்ளியியல் இதே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

திட்ட விலக்கத்தை அவளுக்கு இப்படிச் சொன்னேன். இரண்டு பேர் தைக்கிறார்கள். இருவருக்கும் நாளுக்குச் சராசரி 40 உருப்படி. ஒருவர் 38, 40, 42 என்று தைக்கிறார். மற்றவர் ஒருநாள் 20, ஒருநாள் 40, ஒருநாள் 60. தீபாவளிக்கு முன் குறித்த தேதியில் சரக்கு அனுப்ப வேண்டும். யாரை நம்புவாய்? "முதல் ஆளத்தான் மிஸ்." ஏன்? "ரெண்டாவது ஆளு எப்ப எத்தன தைப்பாங்கன்னு சொல்ல முடியாதே." அந்த 'சொல்ல முடியாமை'யின் அளவுதான் திட்ட விலக்கம். பத்தாம் வகுப்பில் சூத்திரத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள்தான். பொருள் அன்றுதான் புரிந்தது என்றாள்.

இன்னொரு கணக்கு. ஒரு யூனிட்டுக்கு வாடகை, மின்சாரம் எல்லாம் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நைட்டிக்குத் துணி, நூல், கூலி எல்லாம் 150 ரூபாய்; விற்பது 180. ஒன்றுக்கு 30 ரூபாய் மிஞ்சுகிறது. 12,000ஐ 30ஆல் வகுத்தால் 400. மாதம் 400 விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 401ஆவது நைட்டியில்தான் லாபம் தொடங்குகிறது. கல்லூரியில் இது மேலாண்மைக் கணக்கியல். வகுத்தல் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் கணக்கு.

அடுத்து மனித நடத்தை. சிகாகோவுக்கு அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை ஆய்வுகள் நடந்தன. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கத் தொடங்கியவர்கள், கவனிப்பும் குழு உறவும் வேலையைப் பாதிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். வகுப்பறையில் நாம் தினமும் காண்பதுதானே இது? கடைசி பெஞ்சுப் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அன்று அவன் எழுத்து திருந்துகிறது.

கடைசியாகத் தகவல் தொடர்பு. விசாரணைக் கடிதம், புகார்க் கடிதம், அறிக்கை. நாம் கடிதம் எழுதச் சொல்லித் தரும்போது "விடுப்பு விண்ணப்பம்" தாண்டிப் போனால் போதும். பாதி வேலை முடிந்துவிடும். இங்கே மொழிச் சிக்கலும் உண்டு. தமிழ்வழியில் படித்தவர் கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் மிரள்கிறார். பொருள் தெரிந்தும் பெயர் தெரியாத மிரட்சி அது.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

தொடக்கநிலை ஆசிரியர்களே, வகுத்தலையும் மீதியையும் பொருளோடு புரியவையுங்கள். நடுநிலை, உயர்நிலை ஆசிரியர்களே, சதவீதமும் சராசரியும் நடத்தும்போது ஊரில் நடக்கும் தொழிலிலிருந்து ஒரு கணக்காவது போடுங்கள். தைக்கும் அம்மாவின் கூலிச் சீட்டே பாடப்பொருள். மேல்நிலை ஆசிரியர்களே, பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் முக்கியமான ஐம்பது சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி மாணவர் கையில் கொடுத்தனுப்புங்கள். வழிகாட்டி ஆசிரியர்களே, எந்தப் படிப்பையும் 'சுலபம்' என்று சொல்லாதீர்கள். கல்லூரி இணையதளத்தில் பாடத்திட்டத்தை எடுத்து, முதலாண்டுப் பாடங்களை மாணவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். நவம்பர் மாதம் முதல் பருவத் தேர்வு நெருங்கும்போது, அனுப்பிவைத்த பிள்ளைகளுக்கு ஒரு போன் செய்யுங்கள். சேர்க்கைக் கடிதத்தோடு நம் வேலை முடிவதில்லை.

அந்தப் பெண் ஏப்ரலில் கணக்கியலை மறுபடி எழுதித் தேறினாள். புள்ளியியல் போய்விட்டது, அடுத்த முறை எழுதித் தேறினாள். இப்போது மூன்றாமாண்டு. சென்ற மாதம் அவள் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். "டீச்சர், இப்பல்லாம் யூனிட் கூலிக் கணக்க அவதான் சரி பாக்கா. போன வாரம் மேஸ்திரி விட்டுப்போன பன்னெண்டு உருப்படியக் கண்டுபிடிச்சிட்டா" என்றார்.

நான் சொன்ன ஒரு அவசர வார்த்தை அந்தப் பன்னிரண்டு உருப்படியை விடப் பெரிய தொகையை அந்த வீட்டுக்கு இழக்கச் செய்திருக்கும். அந்தத் தவறு என் பற்றுப் பக்கத்தில் எழுதப்பட்டே இருக்கிறது. அதை நேர்செய்யத்தான் இன்று உங்கள் முன் பேசினேன்.