அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்தோம், போகவும் வரவும்

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"கப்பலில் அமெரிக்கா போனீர்களாமே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்களேன்" என்று நம் காரியதரிசி கேட்டபோது தயங்கினேன். பிரயாண அனுபவம் என்று ஒருவர் ஆரம்பித்தால் எதிரே இருப்பவருக்குக் கொட்டாவி வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இங்கே பாதிப் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ லண்டனிலும் நியூஜெர்ஸியிலும் இருப்பதால், யாருக்காவது உபயோகப்படலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

உல்லாசத்துக்காக நாங்கள் கப்பல் ஏறவில்லை. 2019 ஜூலையில் டெல்லியிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் போய்ப் பிள்ளை வீட்டில் இறங்கினோம். மூன்றாம் நாள் என் சகதர்மிணிக்கு இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் வலித்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், உள்ளே ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி இருந்தது. ஒன்பது மணி நேரம் ஜன்னலோர ஸீட்டில் காலை மடக்கியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஸீட்காரரை எழுப்பக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூச்சப்படாமல் எழுந்து நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். "நன்றாக நடக்க வேண்டும், நீண்ட விமானப் பயணம் இப்போதைக்கு வேண்டாம்" என்றார் டாக்டர். ஆனால் எங்கள் பெண்ணுக்கு செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் நியூஜெர்ஸியில் தலைப்பிரசவம். அதற்காகத்தானே கிளம்பியதே! இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. பிறகு பிள்ளைதான் கம்ப்யூட்டரில் தேடி, "அம்மா, கப்பல் இருக்கு" என்றான்.

எனக்கே ஆச்சரியம். 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்க ஆரம்பித்ததோடு பயணிக் கப்பல்களின் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. 1840-ல் 'பிரிட்டானியா' என்ற நீராவிக் கப்பலில் தொடங்கிய க்யூனார்ட் கம்பெனி, 2004 முதல் 'க்வீன் மேரி 2' கப்பலை ஸவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓட்டி வருகிறது. நீளம் 345 மீட்டர். ஊர் சுற்றிக் காட்டும் க்ரூஸ் கப்பல் வேறு, லைனர் வேறு. லைனர் குறித்த நாளில் மறுகரை சேரவேண்டிய கப்பல். அதனால் பெருங்கடல் அலையைத் தாங்கும்படி உடலைக் கனமாகவும் ஆழமாகவும் கட்டியிருக்கிறார்கள்.

போக வர டிக்கெட்டாக, ஜன்னல் இல்லாத உள்பக்க அறை எடுத்தோம். அதுதான் மலிவு, அதுவே விமானக் கட்டணத்தைவிட அதிகம் என்பதை மறைக்கவில்லை. டாக்டரிடம் கடிதம் வாங்க வேண்டும், இன்ஷூரன்ஸில் வியாதியைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க விசா தவிர, திரும்பி வரும்போது பிரிட்டனுக்குள் மறுபடி நுழைய விசா செல்லுமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு பெரியவர் முன்பே கேட்டார், "சமுத்திரத்தைத் தாண்டலாமா?" என்று. பௌதாயன தர்மசூத்திரம் கடல் யாத்திரையைத் தோஷமாகச் சொல்கிறது, வாஸ்தவம். 1914-ல் ராமானுஜன் 'நெவாசா' கப்பல் ஏறும்முன் அவர் வீட்டில் பட்ட பாடும் நமக்குத் தெரியும். ஆனால் முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் தாண்டினால் தோஷமில்லை, மேலேயே மிதந்து தாண்டினால் தோஷம் என்பது எந்தக் கணக்கு? பெரியவரும் சிரித்துவிட்டார்.

செப்டம்பர் முதல் வாரம் புறப்பட்டோம். ஏழு இரவுகள். பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பே போய்ச் சேர்வதாகக் கணக்கு.

கப்பலில் எனக்குப் பிடித்தது கடிகாரம். ஸவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் தீர்க்கரேகையில் சுமார் 73 டிகிரி வித்தியாசம். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. வகுத்தால் ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு. விமானம் இந்த ஐந்து மணியை ஒரேயடியாக நம் தலையில் போடுகிறது. கப்பலில் ஐந்து இரவுகள், ராத்திரி இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைக்கிறார்கள். அதாவது ஐந்து நாட்களுக்கு நாளுக்கு 25 மணி. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் இனாமாகக் கிடைத்திருக்கும். ஜன்னல் இல்லாத அறையில் ஸந்தியாவந்தனத்துக்குத் திக்கு கண்டுபிடிப்பதும் சுலபம். போகும்போது கப்பலின் பின்புறம் ஏறக்குறையக் கிழக்கு, வரும்போது முன்புறம்.

ஏழாவது தளத்தில் கப்பலைச் சுற்றி மரப்பலகை போட்ட நடைபாதை. ஒரு சுற்று ஏறக்குறைய 600 மீட்டர். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் இறுக்கமான ஸாக்ஸ், மேலே கான்வாஸ் ஷூ என்று இவள் காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று சுற்று நடந்தாள். சாப்பாட்டில் சைவம் கேட்டால் அக்கறையாகத் தருகிறார்கள். ரசப்பொடியும் ஊறுகாயும் எங்களிடம் இருந்தன. மற்றபடி நூலகம், கோளரங்கம், நாய்களுக்குத் தனி விடுதி எல்லாம் உண்டு. டின்னர் ஜாக்கெட் போடவேண்டிய இரவில் நான் பந்த்கலா கோட்டில் போனேன், இவள் காஞ்சிபுரம் பட்டில். யார் எடுபட்டார்கள் என்று சொல்ல வேண்டாம்.

ஐந்தாம் நாள் மத்தியானம், நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே இருந்தோம். வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பான தண்ணீரும் வடக்கேயிருந்து வரும் லாப்ரடார் குளிர் நீரோட்டமும் அங்கே சந்திக்கின்றன, அதனால் மூடுபனி. 1912-ல் டைட்டானிக் முழுகியதும் அந்தப் பிராந்தியத்தில்தான். கப்பலின் நுனி தெரியவில்லை. விதிப்படி இரண்டு நிமிஷத்துக்கு மிகாமல் ஒருமுறை நீளமாக ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

மூன்று மணிக்கு மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. பெண்ணுக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், காத்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. அவ்வளவுதான். செயற்கைக்கோள் வழி இணையம் எங்களுக்கு அன்று எடுக்கவில்லை. பதில் போயிற்றா என்றுகூடத் தெரியவில்லை.

நான் 36 வருஷம் ஸர்க்காரில் ஃபைல் பார்த்தவன். எந்தப் பிரச்னைக்கும் யாருக்காவது ஃபோன் போட்டு, யாரையாவது பிடித்து ஏதாவது செய்தே பழக்கம். அங்கே பிடிக்க யாருமில்லை, இறங்கி ஓடவும் முடியாது. இவள் நடக்க ஆரம்பித்தாள். நானும் கூடவே. மூன்று சுற்று, ஆறு சுற்று. முகத்தில் பனி ஈரம். தலைக்கு மேல் அந்த ஊதல். ஒரு தடவை நின்று, "ஏன்னா, என் கால் நன்னா இருந்திருந்தா இப்போ அவ பக்கத்துல இருந்திருப்பேனே" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஜன்னல் ஸீட்டை உனக்குக் கொடுத்தது நான்தானே" என்றேன். அது பதிலே இல்லை. ஆனால் டாக்டர் பெயரைச் சொன்ன நாளிலிருந்து என் மனசில் கிடந்தது அதுதான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி 42 வருஷத்தில் வெளியிடத்தில் நாலு பேர் பார்க்க அப்படி நடந்ததில்லை.

ராத்திரி விஷ்ணு ஸஹஸ்ரநாமம் சொல்லிவிட்டுப் படுத்தோம். தூங்கவில்லை. அன்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளும் இரவு வேறு. மற்ற நாள் இனாமாகத் தோன்றிய ஒரு மணி அன்று பாறாங்கல்லாக உட்கார்ந்திருந்தது. விடியற்காலை இணையம் கிடைத்தது. ஆண் குழந்தை, ஆபரேஷன், இரண்டு பேரும் க்ஷேமம்.

குழந்தை பிறந்தபோது நியூஜெர்ஸியில் இரவு 9.40. எங்கள் கப்பலில் 11.40. லண்டனில் மறுநாள் விடிகாலை 2.40, டெல்லியில் காலை 7.10. ஒரு ஜனனம், நாலு மணி, இரண்டு தேதி! நம் வாத்யார் ஃபோனில் குழம்பிப் போனார். நட்சத்திரம் அந்தக் கணத்தில் சந்திரன் எங்கே இருக்கிறான் என்பதைப் பொறுத்தது, ஆகவே எந்த ஊர் நேரத்தைச் சரியாக மாற்றிப் பார்த்தாலும் ஒன்றேதான். லக்னத்துக்கு மட்டும் பிறந்த ஊர் வேண்டும் என்று சொன்னேன். பி.எஸ்ஸி. படிப்பு அன்றைக்கு உதவியது.

எட்டாம் நாள் அதிகாலை வெரஸானோ பாலத்துக்கு அடியில் கப்பல் நுழைந்தது. புகைபோக்கி இடித்துவிடும் போலத் தோன்றும். சில மீட்டர் இடைவெளிதான். எல்லோரும் சுதந்திர தேவி சிலையைப் படம் பிடித்தார்கள். இவள் கைப்பையோடு கதவருகே நின்றிருந்தாள். பதினோராம் நாள் புண்யாகவாசனத்துக்கு இருந்தோம்.

நவம்பரில் திரும்பினோம். டாக்டர்கள் அதற்குள் விமானத்துக்கு அனுமதி கொடுத்திருந்தும், கையில் டிக்கெட் இருந்ததால் கப்பலிலேயே வந்தோம். இரண்டு நாள் பலத்த புயல்காற்று. நான் பச்சை ஆப்பிளும் பிஸ்கட்டும் இஞ்சியுமாகப் படுத்துக் கிடந்தேன். இவள் சுகமாகச் சாப்பிட்டாள். வெளித்தளத்தை மூடியிருந்ததால் உள் வராந்தாவிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கிழக்கே வரும்போது நாளுக்கு 23 மணி. கடிகாரத்தை ராத்திரியில் இல்லை, பகல் பன்னிரண்டுக்கு ஒரேயடியாக ஒன்று என்று ஆக்கிவிடுகிறார்கள். ஐந்து நாள் மாத்யாந்நிகத்துக்கு உட்காரும்போதே உச்சிவேளை காணாமல் போயிற்று.

லண்டனிலிருந்து டெல்லிக்கு விமானத்தில்தான் வந்தோம். நடைவழி ஸீட், இறுக்கமான ஸாக்ஸ், மணிக்கு ஒரு தடவை எழுந்து நடை. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வந்து பத்து நாள், ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வராமல் ஹாலில் உட்கார்ந்திருந்தாள். "கப்பல்ல தினம் சொல்லிட்டு ஒரு மணியா எடுத்துண்டா. இவா அஞ்சரை மணியை எப்போ எடுத்தா, சொல்லவே இல்லையே" என்று என்னைக் கேட்டாள்.