உவமை சான்றாகுமா?

(இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அணியிலக்கணம் பேச இவன் யார் என்று புலவர் பெருமக்கள் கேட்கக்கூடும். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன்தான் நான். எனினும், மேடையும் நாடகமும் என் தொழில். உவமையும் உருவகமும் என் கருவிகள். கருவியைக் கையாளுகிறவனே அதன் கூர்மையைச் சொல்ல வந்திருக்கிறேன், கேளுங்கள்.

நாடு ஒரு கப்பல், தலைவரே மாலுமி என்று ஒருவர் முழங்குகிறார். கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், தட்டிய பிறகு சற்றே எண்ணுங்கள். கப்பலில் ஏறியவன் மாலுமியைத் தேர்ந்தெடுப்பதில்லை, நடுக்கடலில் மாற்றுவதுமில்லை. குடிமகனோ தேர்ந்தெடுக்கிறான், தேவையெனில் மாற்றுகிறான். ஒரே சொல்லில் உங்கள் வாக்குரிமை கடலிலே கரைக்கப்பட்டதைக் கண்டீர்களா? 'கப்பல் போல' என்றிருந்தால், ஒப்பிடுகிறார் என்று விழித்திருப்பீர்கள். அந்தப் 'போல'வை விழுங்கிவிடுவதே உருவகம்!

தொல்காப்பியர், உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். செயலால் ஒப்பா, பயனால் ஒப்பா, வடிவால் ஒப்பா, நிறத்தால் ஒப்பா? தேர்வு எழுதுவதற்கு மட்டுமா இந்தச் சூத்திரம்? இல்லை, ஒப்புமை எதுவரை நிற்கும், எங்கே முறியும் என்று காட்டும் உரைகல்!

கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகையில், மதிற்கொடிகள் 'வாராதீர்' எனக் கைகாட்டுவனபோல் அசைந்தன என்கிறார் இளங்கோ. அசைத்தது காற்று, குறிப்பை ஏற்றியது கவிஞர் உள்ளம். தற்குறிப்பேற்றம்! காப்பியத்தில் அது கண்ணீர் வரவழைக்கும் அழகு. மழை பொய்த்ததும், 'இவர் ஆட்சியை வானமே வெறுக்கிறது' என்று மேடையில் முழங்கினாலோ? அதே அணிதான், ஆனால் அங்கே அது வாதத்தின் வேடம் புனைகிறது.

அணி ஏமாற்றவே பிறந்ததா? அன்று! அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவை, அவன் படைக்கலங்கள் பீலி சூடி, நெய் பூசி, காவல்மனையில் திகழ்வதைப் புகழ்ந்தார். அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் களத்தில் கிடக்கின்றன என்றார். புகழ்ச்சிக்குள் இகழ்ச்சி, குறைகூறலுக்குள் வீரச் சான்று. சொல்லை மட்டும் கேட்டவன் பூரிப்பான். பொருளை உணர்ந்தவன் போருக்கு முன் சிந்திப்பான்.

ஆகவே, யார் பேசினாலும், நான் பேசினாலும், கேளுங்கள்: இது எதனால் ஒப்பு? எங்கே ஒவ்வாது? உவமை விளக்கு, சான்று ஆகாது.

விளக்கு என்றேனே, அதுவும் உருவகந்தான். அதையும் உரசிப் பாருங்கள்!