படைவீரர் பிரேம் சைகலும் மருத்துவர் இலட்சுமியும்

(ஜொகூர் பாருவில் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரை)

 

நாம் கூடியிருக்கும் இந்த ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். 1924-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இப்பாலத்தை உங்களுள் பலர் பன்முறை கடந்திருப்பீர்கள். 1942 ஜனவரி 31-ஆம் நாள் பின்வாங்கிய பிரிட்டிஷ் படைகள் இதன் வழியாகவே சிங்கப்பூருக்குள் சென்று, பகைவர் தொடராதிருக்கப் பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தன. ஆயினும் இரு வாரங்களில், பிப்ரவரி 15-ஆம் நாள், சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயிற்று.

அந்நாளில் அத்தீவில் இருவர் இருந்தனர். ஒருவர் பலூச் ரெஜிமெண்டைச் சேர்ந்த இளம் அதிகாரி, பெயர் பிரேம் சைகல், பஞ்சாபியர். பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றிய அவர், சிங்கப்பூர் வீழ்ந்தபோது போர்க் கைதியானார். மற்றவர் சென்னையில் 1914-இல் பிறந்த மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன். 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1940-இல் சிங்கப்பூர் வந்தார். பிழைப்புத் தேடி வந்த ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்காக அங்கே மருத்துவ நிலையம் நடத்தினார். பிற்காலத்தில் கணவன் மனைவியராய் வாழ்ந்து மறைந்த இவ்விருவரின் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம். நம் தோட்டத்து மக்களுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

1943 ஜூலைத் திங்களில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து, இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையை ஏற்றார். பெண்களும் படையில் சேர வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இலட்சுமி முயன்று திரட்டிய இருபது பெண்கள், ஜூலை 12-ஆம் நாள் நேதாஜிக்குத் துப்பாக்கி ஏந்தி அணிவகுப்பு மரியாதை அளித்தனர். அக்டோபர் 22-ஆம் நாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கிற்று. 1858-இல் போர்க்களத்தில் உயிர்நீத்த ஜான்சி அரசியின் பெயர் அப்படைக்குச் சூட்டப்பட்டது. அதன் தலைமையை ஏற்றவர் கேப்டன் இலட்சுமி.

அப்படையில் சேர்ந்தவர்கள் யார்? செல்வக் குடும்பத்து மகளிர் சிலர் இருந்தனர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் அவர்களுள் ஒருவர். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என நாடறிந்த அவ்வம்மையார் 2014-இல் காலமானார். ஆயினும் படையின் பெரும்பகுதி மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்களே. விடியுமுன் எழுந்து பிரட்டுக்குச் சென்று, உளியும் வாளியும் ஏந்திப் பால்வெட்டிய கைகள் துப்பாக்கி ஏந்தின. எழுத்தறியாதவர் பலர் முகாமில் எழுதப் படிக்கக் கற்றனர். கங்காணியின் குரலுக்கு அஞ்சி நின்றவர்கள் தலைநிமிர்ந்து நடக்கப் பழகினர்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்துப் பேசுதல் தகாது. அதே காலத்தில் ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவரைச் சயாமுக்குக் கொண்டு சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இரயில் பாதையில், பசியாலும் மலேரியாவாலும் காலராவாலும் மாண்டவர்களுக்குக் கல்லறையும் இல்லை. கணக்கும் முழுமையாக இல்லை. எந்த ஜப்பானியர் நம்மவரைச் சயாமில் வதைத்தனரோ, அதே ஜப்பானியரின் துணையோடுதான் இந்திய தேசிய இராணுவம் போர் புரிந்தது. சயாமுக்குப் போவதிலிருந்து தப்பவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. நாட்டுப்பற்றினால் சேர்ந்தவரையும் உயிருக்கு அஞ்சிச் சேர்ந்தவரையும் ஒருங்கே நினைவுகூர்வதே நேர்மையாகும்.

போரின் முடிவு நீங்கள் அறிந்ததே. பர்மாவில் போப்பா மலைப் பகுதியில் தம் படைப்பிரிவை நடத்திய பிரேம் சைகல், 1945 ஏப்ரலில் அல்லன்மியோ என்னுமிடத்தில் சரணடைய நேர்ந்தது. இலட்சுமியும் பர்மாவில் பிடிபட்டு, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

பிரேம் சைகலைப் பிரிட்டிஷார் எளிதில் விடவில்லை. டில்லிச் செங்கோட்டையில் 1945 நவம்பர் 5-ஆம் நாள் இராணுவ விசாரணை தொடங்கிற்று. குற்றவாளிக் கூண்டில் நின்றவர் மூவர்: ஷா நவாஸ் கான், பிரேம் சைகல், குர்பக்‌ஷ் சிங் தில்லான். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். மூவரையும் ஒருங்கே நிறுத்தியதால் இந்தியா முழுவதும் ஒருங்கே கொதித்தெழுந்தது. பூலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதிட்டார். மூவருக்கும் ஆயுள் முழுதும் நாடு கடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் மக்களின் எழுச்சி கண்ட தலைமைத் தளபதி ஆக்கின்லெக், 1946 ஜனவரியில் அத்தண்டனையை நீக்கி அவர்களை விடுதலை செய்தார்.

1947 மார்ச்சில் லாகூரில் பிரேம் சைகலுக்கும் இலட்சுமிக்கும் திருமணம் நிகழ்ந்தது. சில திங்களில் நாடு விடுதலை பெற்றது; லாகூர் பாகிஸ்தானுக்குரியதாயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவின் இராணுவத்திலும் இந்திய தேசிய இராணுவத்தினர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. முப்பது வயதில் படைவாழ்வு முடிந்துபோன அவ்வீரர், ஆலைத் தொழிலாளர் நிறைந்த கான்பூர் நகரில் மனைவியோடு குடியேறினார். ஆலையொன்றின் நிருவாகப் பணியில் அமர்ந்தார்.

அம்மையாரோ மீண்டும் மருத்துவரானார். பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகளுக்கு மருத்துவம் பார்த்தார். ஏழைத் தாய்மாரின் பிரசவம் பார்ப்பது அவருடைய அன்றாடத் தொண்டாயிற்று. 1971-இல் வங்க அகதிகள் வந்தபோது எல்லை முகாம்களுக்குச் சென்றார். 1984-இல் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது மருத்துவக் குழுவோடு அங்கே விரைந்தார். அதே ஆண்டில் சீக்கியருக்கு எதிரான கலவரம் மூண்டபோது கான்பூரில் அமைதி காக்கப் பாடுபட்டார். செங்கோட்டையில் கணவருக்கு அருகில் நின்றவர் ஒரு சீக்கியரல்லவா?

பிரேம் சைகல் 1992 அக்டோபர் 17-ஆம் நாள் கான்பூரில் காலமானார். நாற்பத்தைந்து ஆண்டுத் துணையை இழந்த அம்மையார் வீட்டிற்குள் முடங்கிவிடவில்லை. 1998-இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். 2002-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாம் அவர்களை எதிர்த்து நின்று தோல்வியுற்றார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் நோயாளிகளைப் பார்த்து வந்தார். 2012 ஜூலை 23-ஆம் நாள், தம் 97-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய விருப்பப்படியே அவருடைய உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. மருத்துவராக வாழ்ந்தவர், மறைந்த பின்னும் மாணவர்களுக்குப் பாடமானார்.

அன்பர்களே! சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் இந்திய தேசிய இராணுவத்தில் உயிர்நீத்தோருக்காக ஒரு நினைவுச் சின்னத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஐக்கியம், நம்பிக்கை, தியாகம் என்னும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. அதே ஆண்டு திரும்பி வந்த பிரிட்டிஷார் அதனைத் தகர்த்தெறிந்தனர். 1995-இல் அவ்விடத்தைக் காட்டும் அறிவிப்புப் பலகை நாட்டப்பட்டது. கல்லாலான சின்னம் எளிதில் தகர்ந்தது. கான்பூரில் ஒரு மருத்துவர் அரை நூற்றாண்டுக்கு மேல் செய்த தொண்டினைத் தகர்க்க எவராலும் இயலவில்லை. போர் தோற்றது, அவர்கள் வாழ்வு தோற்கவில்லை.

கேப்டன் இலட்சுமியின் பெயர் நூல்களில் இருக்கின்றது. அவரோடு அணிவகுத்த நம் தோட்டத்துப் பெண்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? அவர்களுள் பலர் போர் முடிந்ததும் மீண்டும் லயத்திற்கே திரும்பினர், பால்வெட்டினர், பிள்ளைகளை வளர்த்தனர். படையில் பயின்ற ஆடவர் பலர், போருக்குப்பின் எழுந்த தோட்டத் தொழிலாளர் இயக்கங்களில் முன்னின்றனர். பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை.

ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் ஒரு நிழற்படமோ, சான்றிதழோ, மடித்து வைத்த சீருடையோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பாட்டி சொன்ன கதை உங்களுக்கு நினைவிருந்தால், பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து எழுதச் செய்யுங்கள். பெயர், தோட்டம், சென்ற ஆண்டு, திரும்பிய ஆண்டு ஆகிய நான்கு மட்டும் இருந்தாலும் போதும். சயாமுக்குச் சென்று திரும்பாதவரின் பெயரையும் அதே ஏட்டில் எழுதுங்கள்.

அப்பெயர்களைக் காத்து நம் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது நம் கடமை. அக்கடமையை இன்றே தொடங்குவோமாக.